முப்பத்திரண்டாவது ஒட்டு

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

திருடன்னு ஒரு தடவை எழுதினா எனக்குப் புரியாதா? நாலு தடவை எழுதியிருக்கே. நாலாவதுக்கு அடியில கோடு வேற, ஸ்கேல் வச்சு. கோவத்துல இருக்கிற யாராவது எழுந்து போய் ஸ்கேலைத் தேடுவாங்களா? உனக்குக் கோவம்கூட இஸ்திரி போட்டுத்தான் வரும்போல.

சரி, திருடன் வாக்குமூலம் கொடுக்கிறேன், பொறுமையாப் படி.

ஏழு வருஷம் முன்னாடி நீ உன் பையன் வீட்டுக்குக் குடிபோனப்போ, அங்க இடமில்லைன்னு ஒரு டிரங்குப் பெட்டியை என் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டுப் போனே. "திறந்தே, தொலைஞ்சே"ன்னு சொல்லிட்டுப் போனே. நானும் திறக்கல. போன மாசம் உள்ளேருந்து எலி சுரண்டுற மாதிரி சத்தம் கேட்டுச்சு. நல்லெண்ணத்துல திறந்தேன். எலி இல்ல. அந்துருண்டை வாசனை, நீ சொந்தக் காசுல வாங்கி ஆஸ்பத்திரித் துணி அறையில தைக்க வச்சிருந்த கத்திரி, ஊசி டப்பா, எல்லாத்துக்கும் அடியில மடிச்சு வச்ச ஒரு வெள்ளை விரிப்பு. பிரிச்சுப் பார்த்தா துணியைவிட ஒட்டு ஜாஸ்தி. சதுரம், நீளம், முக்கோணம்னு ஒவ்வொண்ணும் ஓரம் மடிச்சு, எறும்பு வரிசை மாதிரி தையல். அழகா இருந்துச்சான்னு கேக்காதே. கேட்டா சொல்லிடுவேன், சொன்னா உனக்குத் தலைக்கனம் ஏறிடும்.

நான் சனிக்கிழமை கிளாசுக்குப் போறது உனக்குத் தெரியாது. சொன்னா சிரிப்பேன்னுதான் சொல்லல. நூலகத்து மாடியில கம்ப்யூட்டர் சொல்லித் தர்றாங்கன்னு போனேன். தப்பான கதவைத் திறந்துட்டேன். உள்ள பஞ்சு வச்ச நாற்காலி இருந்துச்சு, உக்காந்துட்டேன். அரை மணி கழிச்சுத்தான் தெரிஞ்சுது, இது இந்தக் காலத்துக் கலைக்காரங்க என்னென்ன பண்றாங்கன்னு பேசுற கிளாஸ்னு. எழுந்து போகலாம்னு பார்த்தேன். இடுப்பு ஒத்துக்கல.

இந்தத் தடவை பாடம், எடுத்தாளுதல். அடுத்தவங்க செஞ்ச பொருளை எடுத்து, இடம் மாத்தி வச்சு, புதுசா ஒண்ணு சொல்றதாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. முப்பத்தஞ்சு வருஷம் ஜெராக்ஸ் கடையில நான் பண்ணினதுக்கு இவ்வளவு பெரிய பேரா?

முதல்ல காலண்டர் குதிரைப் படத்தை நகல் எடுத்தேன். நகலை நகல் எடுத்தேன். இப்படி இருபது தடவை. இருபதாவதுல குதிரை எருமை ஆயிடுச்சு. பிரமாதம்னு நினைச்சுக் கொடுத்தா, டீச்சர் ஓரத்துல "இதில் நீங்கள் எங்கே?"ன்னு எழுதித் திருப்பிக் கொடுத்துட்டாங்க. எங்கேயா? மிஷினுக்குப் பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருந்தேன்.

அடுத்த வாரம் உன் விரிப்பைக் கொண்டுபோய் சுவத்துல கிளிப் போட்டு மாட்டினேன். டீச்சர்ப் பொண்ணுக்கு முப்பது வயசுகூட இருக்காது, எதைப் பார்த்தாலும் உதட்டைப் பிதுக்குற ரகம். அது விரிப்பு முன்னாடி வந்து ஒரு நிமிஷம் நின்னுச்சு அக்கா. என் வாழ்க்கையில நான் கொண்டுவந்து வச்ச எதுக்கு முன்னாடியும் யாரும் ஒரு நிமிஷம் நின்னதில்ல. மிஷின்ல காகிதம் சிக்கினப்போ நின்னிருக்காங்க. அது வேற நிற்பு.

ஏப்ரல்ல கீழ் ஹால்ல பத்து நாள் கண்காட்சி. என் பேர் போட்டு சீட்டு வச்சிருக்கு. அந்தப் பெருமையிலதான் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்து உன் பையனுக்கு அனுப்பினேன். அவன் உன்கிட்ட காட்டுவான்னு எனக்கென்ன தெரியும்?

தெரியும். சரி, விடு.

உன் தம்பி
(திருடன் இல்ல)


பிப்ரவரி 20

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது.

டிரங்குப் பெட்டி இரும்பு. பூட்டியிருந்தது. சாவி என் அலமாரியில் இருக்கிறது. எலி உள்ளே எப்படிப் போனது, நீ பூட்டை எந்தப் பல்லால் திறந்தாய் என்று விவரமாக எழுதவும்.

போனில் பேசிவிடலாமே என்கிறான் பையன். காது மிஷினோடு போனை எடுத்தால் இரண்டும் சேர்ந்து ஊளையிடுகின்றன. அது மட்டுமில்லை, பேசினால் நீ என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய். எனக்கு இப்போது சிரிக்க விருப்பமில்லை.

விரிப்பைக் கழற்றி மடித்துப் பெட்டியில் வை. கண்காட்சி வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். வலது கீழ் மூலையில் நீல மையில் ஒரு முத்திரை இருக்கிறது, பார்த்தாயா? ஆஸ்பத்திரி முத்திரை. அது என் துணி இல்லை. ஒட்டுப் போட முடியாத அளவுக்கு நைந்த விரிப்பைக் கழித்துவிடுவோம். கழித்ததை அன்றைக்கே துடைக்கும் துணியாக வெட்ட வேண்டும். வெட்டியதும் "வெட்டப்பட்டது" என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் சட்டம். முப்பத்து நான்கு வருஷம் அந்த அறையில் இருந்தேன். ஒரு நூல்கண்டு வீட்டுக்கு வந்ததில்லை. உடைந்த ஊசியைக்கூடத் திருப்பிக் கொடுத்துத்தான் புதிது வாங்குவேன். இந்த ஒரு விரிப்பை மட்டும் வெட்டாமல், வெட்டியதாகக் கையெழுத்துப் போட்டேன். பையில் வைத்து வாசல் காவலரைத் தாண்டும்போது என்றைக்கும் இல்லாமல் அவருக்கு வணக்கம் சொன்னேன். பயத்தில் அடுத்த நாளும் சொன்னேன்.

இப்போது அதை ஊர் பார்க்கச் சுவரில் மாட்டியிருக்கிறாய். அந்த ஆஸ்பத்திரி உன் நூலகத்திலிருந்து நான்கு தெரு தள்ளி. என்னோடு வேலை பார்த்தவர்கள் இன்னும் அங்கே நடமாடுகிறார்கள்.

திருடன் என்று நான்கு தடவை எழுதினேன். எல்லாம் உனக்கு எழுதியதில்லை.

படத்தில் பார்த்தேன், மேல் ஓரத்தில் கிளிப் துணியைக் கடித்திருக்கிறது. ஓட்டை விழும்.

அக்கா


மார்ச் 3

அக்காவுக்கு,

எலி ஸ்க்ரூ டிரைவர் வச்சிருந்துச்சு. போதுமா?

உன் கடுதாசி வந்த அன்னிக்கே ஓடினேன். ஆனா கழட்ட மனசு வரல. அந்த முத்திரை இருந்த மூலையை மட்டும் உள்பக்கமா மடிச்சு ஒரு குண்டூசி குத்திட்டு வந்தேன். யார் கண்ணுக்கும் தெரியாதுன்னு நினைச்சேன். அந்தப் பொண்ணோட கண்ணுக்கு எதுதான் தப்புது? ஒண்ணரைப் பக்கம் எழுதிக் கொடுத்திருக்கு. அதுல கொஞ்சத்தை அப்படியே பார்த்து எழுதுறேன், ஒரு எழுத்து மாத்தல. நகல் எடுக்கிறதுல நான் யோக்கியன்.

"போன வாரம் தெரிந்த மூலை இந்த வாரம் மடிந்திருக்கிறது. எதை மறைக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் எடுத்தாளும்போது எங்கிருந்து எடுத்தோம் என்பது தெரிய வேண்டும். அது தெரியாவிட்டால் மிஞ்சுவது எடுத்தது மட்டும்தான். பெயர்ச்சீட்டில் உங்கள் பெயர் மட்டுமே உள்ளது. இந்த ஒட்டுகளைப் போட்டது உங்கள் கை இல்லை. உங்களால் அந்தச் சீட்டைக்கூட நேராக வெட்ட முடியவில்லை. அந்தக் கைக்குச் சொந்தக்காரரிடம் கேட்டீர்களா?"

படிச்சதும் எனக்குச் சுருக்குன்னுச்சு. இனிமே அந்தக் கிளாஸ் பக்கமே தலைவச்சுப் படுக்கக்கூடாதுன்னு கிளம்பி, படி இறங்கினேன். எட்டாங்கிளாஸ்ல என் கணக்கு நோட்டுல வாத்தியார் எழுதினது ஞாபகம் வந்துச்சு. ஒரே வார்த்தை. "மோசம்." அதோட என் படிப்பு முடிஞ்சுது. இந்தப் பொண்ணும் மோசம்னுதான் சொல்லுது. ஆனா அதைச் சொல்ல ஒண்ணரைப் பக்கம் உக்காந்து எழுதியிருக்கு. என்னை மாதிரி ஆளுக்கு. படியிலயே உக்காந்து இன்னொரு தடவை படிச்சேன்.

கடையில தினமும் ஒரு கூத்து நடக்கும், உனக்குச் சொல்லியிருக்கேன். நகல் எடுக்க வர்றவங்க, சுடச்சுட வந்த நகலை வாங்கிக்கிட்டு, அசலை மிஷின் மூடிக்கு அடியிலயே விட்டுட்டுப் போயிடுவாங்க. பாஸ்போர்ட்டு, பத்திரம், பிறப்புச் சான்றிதழ், எதையும் விட்டுவைக்க மாட்டாங்க. நான் மூடியைத் திறந்து பார்த்து, அதைத் தூக்கிக்கிட்டு தெருமுனை வரைக்கும் ஓடுவேன். "ஏன்யா, அசலை விட்டுட்டு எங்கேய்யா போறே"ன்னு கத்துவேன். முப்பத்தஞ்சு வருஷம் ஊரையெல்லாம் பார்த்துக் கத்தினவன், படியில உக்காந்து என்னையே பார்த்துக் கத்திக்கிட்டேன்.

அக்கா, நான் உன்கிட்ட கேக்கல. கேட்டிருக்கணும். இதை எழுத எனக்கு எவ்வளவு கஷ்டமா இருக்குன்னு உனக்குத் தெரியும், அதனால இதைக் கத்திரிச்சு பத்திரமா வச்சுக்கோ. இன்னொரு தடவை கிடைக்காது.

கழட்டச் சொன்னா கழட்டிடுறேன். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி. டீச்சர் எழுதினதுல இன்னும் மூணு வரி இருக்கு. "முப்பத்தொரு ஒட்டுகள் ஒரே கை. விரிப்பின் கால்பக்க ஓரத்தில் ஒன்று மட்டும் வேறு கை. அதைப் போய்ப் பாருங்கள்."

பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தேன். நிஜம். ஒட்டுத்துணி தலைகீழா இருக்கு, உள்பக்கம் வெளியே. தையல் ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டை. முடிச்சு கொட்டைப்பாக்கு சைஸ்ல மேல உக்காந்திருக்கு. யார் போட்டது இது? துணி அறையில குரங்கு கிரங்கு வளர்த்தீங்களா? அதுக்கும் சம்பளம் கொடுத்தாங்களா? அப்பழுக்கில்லாத உன் வேலைக்கு நடுவுல இந்த அசிங்கத்தை எப்படி விட்டுவச்சே? அடுத்தவ தையல் கோணினாலே பிரிச்சுப் போடுறவளாச்சே நீ.

பதில் எழுது. மூலை மடிச்சபடியே இருக்கு.

தம்பி


மார்ச் 15

தம்பிக்கு,

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் காகிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு நடந்துகொண்டிருந்தேன்.

அந்தக் குரங்கு நீதான்.

முப்பது வருஷம் ஆகிறது, மறந்திருப்பாய். உன் மனைவி இறந்த வருஷம். துணி அறையில் வழுக்கி விழுந்து எனக்கு வலது மணிக்கட்டில் விரிசல் என்று சொன்னேன். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு விரிப்பு தைத்துக் கொடுக்க வேண்டும். விடுப்பு எடுத்தால் அந்த இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். நீ கடையை ஒன்றிலிருந்து மூன்று மணிவரை மூடுவாய். வந்து எனக்காகத் தைத்துக் கொடு என்று கூப்பிட்டேன். பின்வாசல் வழியாக வந்து, அடுக்குகளுக்குப் பின்னால் மர ஸ்டூலில் உட்காருவாய். மேற்பார்வையாளரின் செருப்புச் சத்தம் கேட்டால் அழுக்குத் துணி மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாய். ஆறு வாரம்.

உனக்குத் தையல் வரவில்லை. முக்கியமாக ஒன்று வரவே இல்லை. நீ எதை எடுத்தாலும் முகம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்தாய். ஜெராக்ஸ் கண்ணாடியில் வைத்து வைத்து உன் கை அப்படிப் பழகியிருந்தது. ஒட்டுத்துணியையும் கவிழ்த்தாய். எத்தனை தடவை சொன்னாலும் அடுத்ததையும் கவிழ்த்தாய். முடிச்சு மேல்பக்கம் வந்துவிடும். மேலே வந்தால் படுத்திருப்பவர் முதுகில் உறுத்தும். ஏற்கெனவே வலியில் இருப்பவர்கள். அதனால் தினமும் மூன்று மணிக்கு நீ கிளம்பிய பிறகு, ஐந்து மணிவரை உட்கார்ந்து, நீ போட்டதையெல்லாம் பிரித்துத் திரும்பத் தைத்து அனுப்பினேன். உன்னிடம் சொல்லவில்லை.

ஒன்றை மட்டும் பிரிக்கவில்லை. அது கால்பக்கம், மெத்தைக்கு அடியில் போகும் ஓரம். யாரையும் உறுத்தாது.

அந்த நாட்களில் நீ பேசமாட்டாய். இரண்டு மணி நேரத்தில் நாலு வார்த்தை. சாப்பிட்டாயா என்றால் தலையாட்டுவாய். ஆறாவது வாரம் ஒரு நாள் எழுந்து, மேற்பார்வையாளர் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடப்பதைப்போல அடுக்குகளுக்கு நடுவே நடந்து காட்டினாய். நான் சிரித்த சத்தத்தில் அவரே வந்துவிட்டார். மறுநாள் கைக்கட்டைப் பிரித்துவிட்டேன். இனி வர வேண்டாம் என்றேன்.

அந்த விரிப்பு அதன்பிறகும் சலவைக்குப் போய்ப் போய் என்னிடம் வந்தது. கிழியும், ஒட்டுவேன். ஒவ்வொரு தடவையும் கால்பக்கத்தைப் புரட்டி உன் ஒட்டு இருக்கிறதா என்று பார்ப்பேன். சுற்றிலும் துணி நைந்துபோனது, அது மட்டும் அசையவில்லை. அவ்வளவு நூலைச் சுற்றிவைத்திருந்தாய். கழித்த அன்று கத்திரியைக் கையில் எடுத்தேன். வெட்ட முடியவில்லை. அவ்வளவுதான் காரணம்.

நீ வந்து உட்கார்ந்ததற்கு அப்போது நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உனக்கு வால் இன்னும் நீண்டிருக்கும். இப்போது சொல்லிவிட்டேன் என்று வைத்துக்கொள்.

விரிப்பைக் கழற்றிவிடு. அல்லது, தெரியவில்லை. என் பெயர் வேண்டாம்.

அக்கா


மார்ச் 24

அக்காவுக்கு,

குரங்கு எழுதுறேன்.

உன் கடுதாசியை எத்தனை தடவை படிச்சேன்னு எண்ணல. நடுவுல ஏதோ ஒண்ணு இடிக்குது, என்னன்னு பிடிபடல. அது இருக்கட்டும், அப்புறம் கேக்கிறேன்.

சனிக்கிழமை கிளாசுக்கு முன்னாடியே போய், விரிப்பு முன்னாடி தரையில உக்காந்தேன். கால்பக்கம் என் மூக்குக்கு நேரா இருந்துச்சு. நான் போட்ட முடிச்சைத் தொட்டுப் பார்த்தேன். டீச்சர் வந்து, "தாத்தா, எதையாவது தொலைச்சுட்டீங்களா?"ன்னு கேட்டாங்க. "இல்லம்மா, கிடைச்சிருக்கு"ன்னேன். அந்த ஒட்டைப் போய்ப் பாருங்கன்னு நீங்க எழுதலைன்னா, அது என் கைன்னு சாகுறவரைக்கும் எனக்குத் தெரிஞ்சிருக்காதுன்னு சொன்னேன். அந்தப் பொண்ணு உதட்டைப் பிதுக்கல. வழக்கமாப் பிதுக்குற இடம் அது.

அடுத்து நான் பண்ணப் பார்த்த காரியத்தையும் சொல்லிடுறேன். உன் பயத்தைப் போக்குறேன் பார்னு நேரா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். துணி அறையில இப்போ யார் இருக்காங்களோ அவங்களைப் பார்த்து, "எங்க அக்கா ஒரு விரிப்பை வெட்டாம வச்சுக்கிட்டா, மன்னிச்சு எழுதிக் கொடுங்க"ன்னு கேக்கலாம்னு. சட்டையெல்லாம் மாத்திக்கிட்டுப் போனேன். காவலர் யாரைப் பார்க்கணும்னு கேட்டார். வாயைத் திறந்தேன். டீச்சரோட கேள்வி வந்து குறுக்கே நின்னுச்சு. அந்தக் கைக்குச் சொந்தக்காரர்கிட்ட கேட்டீங்களா?

கேக்கல. உன் விரிப்பைக் கேக்காம எடுத்தேன், இப்போ உன் ரகசியத்தையும் கேக்காம எடுக்கப் போனேன். "பாத்ரூம் எங்க இருக்கு"ன்னு கேட்டுட்டுத் திரும்பி வந்துட்டேன். போனது வீண் போகல, பாத்ரூம் சுத்தமா இருந்துச்சு.

அதனால எழுபத்தொரு வயசுல முதல் தடவையா கேக்கிறேன். மாட்டலாமா? மாட்டினா மூலையைப் பிரிச்சுவிடலாமா? சீட்டுல என்ன எழுதணும்? வேண்டாம்னா வேண்டாம். மடிச்சு, அந்துருண்டை போட்டு, பூட்டு வாங்கிப் பூட்டி, சாவியை உனக்கு அனுப்பிடுறேன். ரெண்டாவது சாவியையும் சேர்த்து.

தம்பி


ஏப்ரல் 4

தம்பிக்கு,

நீ கேட்டது நல்லது. பழக்கமில்லாத வேலை, பத்து நாள் இடுப்பு வலித்திருக்கும்.

ஆஸ்பத்திரிக்கு நானே பதிவுத் தபாலில் எழுதினேன். தேதி, விரிப்பு எண், பொய்க் கையெழுத்து, எல்லாம். தபால் போட்ட அன்று தூங்கவில்லை. மறுநாள் நன்றாகத் தூங்கினேன். ஐந்தாம் நாள் பதில் வந்தது. இரண்டே வரி. பழைய பதிவேடுகளை எப்போதோ கூழாக்கிவிட்டார்களாம். விரிப்பை நான் என்னுடையதாகவே வைத்துக்கொள்ளலாமாம். கீழே ஒரு பெண் கையெழுத்து. அதற்குக் கீழே பேனாவால், "உங்கள் ஊசி டப்பா ஒன்று இங்கே இன்னும் இருக்கிறது, உபயோகிக்கிறோம்" என்று எழுதியிருந்தது.

முப்பத்து நான்கு வருஷம் நான் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட பதிவேடு. கூழாக்கிவிட்டார்களாம். இத்தனை வருஷம் எதற்காகப் பயந்தேன் என்று கோபமாகக்கூட இருக்கிறது. ஆனால் மூச்சு லேசாக வருகிறது.

மாட்டு. மூலையைப் பிரித்துவிடு. சீட்டில் நடந்ததை எழுது, கூட்டாமல் குறைக்காமல். அது உனக்குக் கஷ்டம் என்று தெரியும்.

பன்னிரண்டாம் தேதி காலை வண்டியில் வருகிறேன். பல் செட்டைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனில் நில். போன தடவை அடையாளம் தெரியவில்லை.

அக்கா


ஏப்ரல் 12
கண்காட்சி ஹால், உனக்கு எதிர் நாற்காலி

அக்காவுக்கு,

எதிர்ல உக்காந்திருக்கிற ஆளுக்குக் கடுதாசி எழுதுறவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். மைக் கீய்ங்னு கத்தினதும் காது மிஷினைக் கழட்டிக் கைப்பையில போட்டுட்டே. இனிமே நான் பேசினா ஹால் முழுக்கக் கேக்கும், உனக்கு மட்டும் கேக்காது. அதனால டீச்சர் கொடுத்த காகிதத்துக்குப் பின்பக்கம் எழுதுறேன். தலைகீழாப் படிக்காதே, கழுத்து சுளுக்கிக்கும். முடிச்சுட்டுத் தர்றேன்.

நீயும் கொஞ்சம் மெதுவாப் பேசு. "கிளிப்பு கடிச்சிருக்குடா"ன்னு நீ சொன்னதுக்கு அந்தக் கோடியில நிக்கிறவர்கூடத் திரும்பிப் பார்த்தார். கையில தேளோ கீளோன்னு நினைச்சிருப்பார்.

முன்பக்கம் இருக்கிறது டீச்சரோட கடைசிக் குறிப்பு. "பெயர்ச்சீட்டைப் படித்தேன். கேட்க இனி எதுவும் இல்லை. சீட்டை மட்டும் இன்னும் கோணலாகத்தான் வெட்டியிருக்கிறீர்கள்." இவ்வளவுதான். ஒண்ணரைப் பக்கத்துலேருந்து மூணு வரிக்கு வந்துட்டேன், பாஸ்னு அர்த்தம். இதை ஒரு நகல் எடுத்து கண்ணாடி போட்டு மாட்டப் போறேன். அசலை மூடிக்கு அடியில விடமாட்டேன்.

சீட்டை நீ மூணு தடவை படிச்சே. தப்பு இருந்தா நீ திருத்துறதுக்கு இங்கயும் எழுதிடுறேன்:

"விரிப்பு: ஓர் ஆஸ்பத்திரியுடையது. முப்பத்தொரு ஒட்டுகள்: அங்கே தைத்த அக்கா. ஒரே ஒரு ஒட்டு, கவிழ்த்துப் போட்டது: ஜெராக்ஸ் கடைத் தம்பி. வெட்டச் சொன்னதை வெட்டாமல் எடுத்தவர் அக்கா. அவரிடமிருந்து கேட்காமல் எடுத்தவன் தம்பி. பிறகு கேட்டான்."

பேர் போடல. நீ வேண்டாம்னே. எனக்கும் வேண்டாம்னு எடுத்துட்டேன்.

இப்போ விளையாட்டு இல்லாம ஒண்ணு சொல்லணும். பழக்கம் விட்டுப்போச்சு, கொஞ்சம் பொறுத்துக்கோ.

உன் கடுதாசியில ஏதோ இடிக்குதுன்னு எழுதினேன் இல்ல? நேத்து ராத்திரி பல் செட்டைக் கழுவிக்கிட்டிருந்தப்போ பிடிபட்டுச்சு. எலி எப்படி உள்ள போச்சு, பூட்டை எந்தப் பல்லால திறந்தேன்னு கேட்டே. இப்போ என் முறை. தினமும் மூணு மணிக்கு நான் போனதும், நான் தைச்சதையெல்லாம் பிரிச்சு, அஞ்சு மணிக்குள்ள திரும்பத் தைச்சேன்னு நீயே எழுதியிருக்கே. பன்னிரண்டு விரிப்பு. எந்தக் கையால அக்கா? விரிசல் விட்ட கையாலயா?

முறைக்காதே. தலைகீழாப் படிக்காதேன்னு சொன்னேனா இல்லையா?

அந்த வருஷம் மதியம் ஒரு மணி ஆனா கடை ஷட்டரை இறக்கிட்டு, வீட்டுக்குப் போக முடியாம உள்ளேயே மிஷின் பக்கத்துல உக்காந்திருப்பேன். யார்கிட்டயும் சொன்னதில்ல. உனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. நீ "கை வலிக்குது, வாடா"ன்னு ஆள் அனுப்பினே. நான் உனக்கு உதவி பண்ண வந்தேன்னுதான் முப்பது வருஷமா நினைச்சுக்கிட்டிருக்கேன். நீயும் நன்றின்னு எனக்கு எழுதுறே. இது தலைகீழால்ல இருக்கு. நான் போட்ட ஒட்டு மாதிரி. உன் கைக்கு எதுவுமே ஆகல, அப்படித்தானே? கட்டு மட்டும்தான் நிஜம். நன்றி சொல்ல வேண்டியது

எங்க எழுந்திரிக்கிறே? இன்னும் முடியல. கைப்பையில என்னத்தைத் தேடுறே, காது மிஷினா? ஊசியா. அக்கா, அதைத் தொடக்கூடாதுன்னு போர்டு வச்சிருக்கு, படி. டீச்சர் பார்க்கிறாங்க. டீச்சரே, நீங்களாவது தடுக்கிறதை விட்டுட்டு ஸ்டூலை எடுத்துப் போடுறீங்களே. அந்தக் கிளிப் ஓட்டைக்கு இப்போ என்ன அவசரம்? பத்து நாள் பொறுத்துக்கக் கூடாதா? அக்கா, திரும்பிப் பாரு. நான் சொல்ல வந்தது என்னன்னா, அந்த ஆறு வாரமும் நீ மட்டும் என்னைக் கூப்பிடலைன்னா நான்